மாரியில் இனிக்கும் கிணறு



வாகரையில் ஒரு கிணற்றுத் தண்ணீர் நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது நாக்கு. ஒரு மிடறு அள்ளி வாயில் விடுவோம். சவர் இல்லை என்றால் குடிக்கலாம் என்போம், கரித்தால் குளிக்க வைத்துக்கொள்வோம். நம் முன்னோர் இந்தச் சோதனையை வைத்துத்தான் எந்த மணலில் குடியிருப்பது, எந்த மணலை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். அதில் பிழை இருந்ததில்லை. அன்றைக்கு வளவுகள் பெரியவை, வீடுகள் தூரத்தூர இருந்தன, கிணற்றுக்குப் பக்கத்தில் மலகூடக் குழி இருக்கவில்லை.

இன்று நிலைமை அப்படியல்ல. நாக்கு உப்பைச் சொல்லும். வயிற்றோட்டக் கிருமியை அது சொல்லாது, நைத்திரேற்றைச் சொல்லாது. கோடையில் நம் கிணறுகளுக்கு உப்பால் ஆபத்து, மாரியில் கழிவால் ஆபத்து. முதலாவதை நாக்கு பிடித்துவிடுகிறது. இரண்டாவது வரும் மாதங்களில் தண்ணீர் வழக்கத்தை விட இனிப்பாக இருக்கிறது. ஆகவே எந்த மாதத்தில் கிணற்றை அதிகம் நம்புகிறோமோ, அந்த மாதத்தில்தான் அதை அதிகம் சந்தேகிக்க வேண்டும். இன்று உங்கள் முன் நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். மற்றவை எல்லாம் இதற்கான விளக்கங்கள்.

பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து வாகரைக்கு வந்த எவருக்கும் இந்த நிலத்தின் அமைப்பு தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பாறு. இரண்டுக்கும் நடுவே மணல். அங்கிருந்து கதிரவெளி வரைக்கும், அதைத் தாண்டி வெருகல் வரைக்கும், கரையோரக் குடியிருப்புகள் பெரும்பாலும் இந்த மணலின் மேல்தான் இருக்கின்றன. இரண்டு புறமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த மணலுக்குள் குடிக்கத் தண்ணீர் எப்படி வந்தது?

மழையால் வந்தது. மட்டக்களப்புக் கரையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான வாடைக் காலத்து மழை. மணல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. நன்னீர் உப்புநீரை விடச் சற்று இலேசானது. அதனால் கீழே பரவியிருக்கும் உப்புநீரின் மேல், பாலில் ஏடு படிவது போல, அது மிதந்து நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுப் பொறியியலாளர் பாடன் கைபனும், பின்னர் 1901இல் ஜெர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியான கணக்கு. ஆனால் அதைத் திருப்பியும் படிக்க வேண்டும். மேலே நீர்மட்டம் நிரந்தரமாக ஓர் அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி மேலேறி வரும்.

இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டிய மண்ணியல் அறிஞர் பானபொக்கே, கரையோர மணல் நீரை ஒரு தனி வகையாகவே வைத்தார். நமக்குத் தெற்கே உள்ள கல்குடாவும், வடக்கே நிலாவெளி, புல்மோட்டைக் கரைகளும் அவர் குறித்த இடங்களில் அடங்கும். இந்த வகை நீருக்கு இரண்டு குணம் உண்டு. கைக்கெட்டும் ஆழத்தில் கிடைக்கும். கைப்பட்ட வேகத்தில் கெட்டும் போகும். கடற்கரையில் பூவல் தோண்டித் தண்ணீர் அள்ளியவர்களுக்கு இது தெரியும். மெதுவாக அள்ளினால் நல்ல தண்ணீர் ஊறும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். கைபனின் கணக்கைப் படிக்காமலே நம் பாட்டிமார் அதன்படி நடந்தார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் இந்தக் கரையில் ஏறியது. வாகரையிலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டம் வரைக்கும் கரையோரக் கிணறுகளுக்குள் கடல்நீர் நேரே இறங்கியது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது. குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம், எஸ்.எல்.எஸ். 614, அனுமதிப்பது 250. அதாவது ஒரு வாளி கடல்நீர் எழுபத்தைந்து வாளி நல்ல தண்ணீரைக் குடிக்க முடியாததாக்கப் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. உதவிக்கு வந்தவர்கள் பம்புகளோடு வந்தார்கள். கிணற்றை அடியோடு இறைத்தால் உப்புப் போய்விடும் என்று நம்பி இறைத்தார்கள். மறுநாளும் இறைத்தார்கள். உப்பு குறையவில்லை, சில கிணறுகளில் கூடியது. காரணம், கடல்நீர் கிணற்றுக்குள் மட்டும் இருக்கவில்லை, சுற்றியுள்ள மணல் முழுவதும் ஊறிக் கிடந்தது. இறைக்க இறைக்க அது கிணற்றை நோக்கி வந்தது. அடியிலிருந்த உப்புநீரும் மேலே இழுபட்டது. 2005இல் கிழக்குக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். குப்பையையும் சேற்றையும் அகற்ற ஒருமுறை இறைத்தால் போதும், மீதியை மழையிடம் விட்டுவிட வேண்டும். உண்மையில் அந்தக் கிணறுகளைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரிகள்தான்.

அந்த மழை முழுவதும் பெய்து முடிவதற்குள் வாகரைக்கு வேறொரு பேரிடர் வந்தது. 2006 ஜூலையில் வெருகலாற்றோடு சேர்ந்த மாவிலாற்று மதகு மூடப்பட்டது. தண்ணீரைத் தொட்டுத் தொடங்கிய அந்தச் சண்டை மாத இறுதிக்குள் பெரும் போராகி, ஆண்டு முடிவதற்குள் வாகரை மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 2007 ஜனவரியில் ஊரே காலியாகியிருந்தது. திரும்பி வந்தபோது பல கிணறுகள் தூர்ந்து கிடந்தன. இவற்றை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம்முடைய இன்றைய வளவுகளின் அமைப்பு பெரும்பாலும் அந்த இரண்டு பேரிடர்களுக்குப் பிறகு உருவானது. வீட்டுத் திட்டங்கள் வந்தன. துண்டு துண்டாக அளந்த காணிகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலகூடம். மலகூடம் வந்தது பெரிய நன்மை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் குழி எங்கே வெட்டப்பட்டது என்று காணித் துண்டுக்குத் துண்டுதான் பார்த்தார்கள், பக்கத்துக் காணியின் கிணற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

இப்போது மார்கழி மாதத்து வளவு ஒன்றைக் கண்முன் கொண்டுவாருங்கள். நாலடி அகலக் கொங்கிறீட் வளையங்கள் அடுக்கிய கிணறு. குனிந்து பார்த்தால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. மேல் வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவே சாந்து விட்டுப் போயிருக்கிறது. அந்த வெடிப்பிலிருந்து உட்சுவரில் பச்சைப் பாசி ஒரு கோடாக இறங்குகிறது. பாசி எங்கே இறங்குகிறதோ, அந்த வழியாகத்தான் உடுப்புத் துவைத்த தண்ணீரும், கோழி கிளறிய மண்ணின் தண்ணீரும் கிணற்றுக்குள் போகின்றன. வாளிக் கயிறு ஈரமணலில் சுருண்டு கிடக்கிறது. அதே கயிறு அடுத்த நிமிடம் உள்ளே இறங்கும். கிணற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி.

கோடையில் அந்தக் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே பல அடி காய்ந்த மணல் இருந்தது. கழிவு அதன் வழியாக வடிந்து இறங்கும்போது கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே தங்கிச் செத்துவிடும். மாரியில் நீர்மட்டம் ஏறி அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. குழியின் அடி தண்ணீருக்குள் நிற்கிறது. மணலுக்குள் தண்ணீர் ஓட்டம் வேகமானது. பொதுவாகச் சொல்லப்படும் 50 அடி இடைவெளி களிமண் நிலத்தில் தாராளமாகப் போதும். நம்முடைய மணலில், அதுவும் மாரியில், அது குறைந்தபட்சம் மட்டுமே. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் முக்கியம். மணல் திட்டின் உயரத்திலிருந்து அது ஒரு புறம் கடலை நோக்கியும் மறுபுறம் ஆற்றை நோக்கியும் இறங்கும். கிணறு உயரத்திலும் குழி தாழ்விலும் இருக்க வேண்டும். மாறி அமைந்திருந்தால் 50 அடியை நம்ப முடியாது.

சுகாதாரப் பரிசோதகர்களோடு வீடு வீடாகப் போனவர்கள் மழைக்காலத்தில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

"தண்ணிய கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறீங்களாம்மா?"

"கோடைக்கு வெப்பம் சேர். இப்ப என்னத்துக்கு? மழத்தண்ணி எறங்கி நல்லா இனிக்கிதே."

அந்தத் தாயின் பதிலில் கவனக்குறைவு இல்லை. நாக்கு சொன்னதை நம்பி, சொன்னபடி நடக்கிறார். ஆனால் இரண்டு காலத்திலும் நடப்பது தலைகீழ். கோடையில் உப்பேறிய தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போகாது; ஆவியாகிய அளவுக்கு மிச்சத் தண்ணீரில் உப்பு கூடும். மாரியில் கொதிக்க வைத்தால் கிருமி முழுவதும் சாகும், ஆனால் அப்போது யாரும் கொதிக்க வைப்பதில்லை. எஸ்.எல்.எஸ். 614 தரத்தின்படி 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மழைக்காலத்துத் திறந்த கிணறு இந்தச் சோதனையில் தேறுவது அபூர்வம் என்றுதான் எண்ணிக்கொள்ள வேண்டும், சோதித்துத் தேறினால் மகிழ்ச்சி.

நைத்திரேற்று பற்றித் தாய்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மலக்குழியிலிருந்தும், கச்சான் தோட்டத்துக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போடும் யூரியாவிலிருந்தும் அது தண்ணீருக்குள் இறங்குகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் போன தண்ணீரில் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். அப்போது குழந்தை நீலம் பாரிக்கும். இதைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, குளோரினும் போக்காது, சாடி வடிகட்டியும் போக்காது. தாய்ப்பாலே முழு உணவாக இருக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை. மருத்துவிச்சி அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிற ஆறு மாதக் கணக்கில் இந்தக் காப்பும் அடங்கியிருக்கிறது.

கிணறு குடிநீரின் இடம் மட்டுமல்ல. வளவில் உயிர் போகக்கூடிய இடமும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. மூன்றடிக் கட்டும் ஒரு வலைமூடியும் இல்லாத கிணறு வாகரையில் இன்னும் இருக்கக் கூடாது. கட்டை உயர்த்தினால் அழுக்குத் தண்ணீர் உள்ளே வழிவதும் நிற்கும். ஒரே செலவில் இரண்டு காப்பு. கிணறு மட்டும்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். தண்ணீர்ப் பவுசர் அடுத்து வரும் நாள் வரைக்கும் பரலிலும் பேசினிலும் நிரப்பி வைத்த தண்ணீரில் தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால், அரையடித் தண்ணீர் போதும். மூடாத அதே பரலில்தான் டெங்கு நுளம்பும் முட்டை இடுகிறது.

மோட்டரைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மணல் நிலத்தில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற். கடற்காற்றின் உப்பு மோட்டரின் இணைப்புகளை விரைவில் அரித்துவிடும். ஒழுக்கு ஏற்பட்டால் மின்சாரம் ஏர்த் கம்பி வழியாக நிலத்துக்குப் போய்விடும் என்று நம்புகிறோம். காய்ந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. ஏர்த் கம்பி மணலில் வெறுமனே நிற்கும். பியூஸ் எரியாது, மோட்டரின் உடல் மின்னேறி நிற்கும், ஈரக்காலோடு அதைத் தொடுகிறவர் வழியாக மின்சாரம் இறங்கும். ஆகவே ட்ரிப் சுவிட்ச் நமக்கு ஆடம்பரம் அல்ல. 30 மில்லிஅம்பியர் ஒழுக்கிலேயே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் கிணற்று மோட்டருக்கு இணைப்புக் கொடுக்கவே கூடாது. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைக்கப் பெற்றோல் பம்பையோ மண்ணெண்ணெய் மெசினையோ வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மெசினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. கிணற்றுக்குள் அது கலைந்து போகவும் வழியில்லை. இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். இந்த நாட்டில் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளுக்கு இதுவும் ஒரு காரணம். மெசின் மேலே இருந்தபடி ஏறத்தாழ 25 அடி ஆழம் வரை உறிஞ்சும். நம்முடைய கிணறுகள் அதில் பாதி ஆழமும் இல்லாதவை. இறக்க வேண்டிய தேவையே இல்லை.

வீட்டுக்குள்ளும் ஆபத்துகள் உண்டு: பூச்சிமருந்துப் போத்தலைச் சமையலறையில் வைக்க வேண்டாம், மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம், மருந்து வந்த கலனில் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் சேமிக்க வேண்டாம். இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். மின்சாரம் போன மழை இரவுகளில் குப்பி விளக்கு சரிந்து தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் வெந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத, திருகு மூடியுள்ள கனத்த கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். 1998இல் அதற்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. வீட்டில் ஒரு சின்னப் பொருளின் வடிவம் மாறினால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது.

வளவுக்கு வெளியே போவோம். அண்மைய ஆண்டுகளில் இல்மனைட் மணல் அகழ்வுக்கும் இறால் பண்ணைகளுக்கும் எதிராக வாகரையில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று அவர்களைச் சிலர் குறை சொன்னதுண்டு. எனக்கு அந்தக் குற்றச்சாட்டு நியாயமாகப் படவில்லை. நான் முதலில் சொன்ன 40 அடிக் கணக்கை வைத்துப் பாருங்கள். மணல் மேடுதான் மழையைப் பிடித்து நீர்மட்டத்தை உயர்த்தி வைக்கிறது. மேட்டை வெட்டித் தாழ்த்தினால் நீர்மட்டம் தாழும். ஓர் அடிக்கு நாற்பது அடி நன்னீர் போகும். இறால் குளத்திலோ கடல்நீரை நன்னீரின் தலைக்கு மேலேயே கொண்டுவந்து தேக்குகிறார்கள். அது கீழே கசிந்தால், ஆழிப்பேரலை ஒரு நாளில் செய்ததை அது ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகச் செய்யும். எந்தத் திட்டத்துக்கும் அனுமதி கொடுக்கும் முன் சுற்றியுள்ள கிணறுகளின் உப்பையும் நீர்மட்டத்தையும் ஒரு முழு ஆண்டு, கோடையும் மாரியும் சேர்த்து, அளந்து மக்கள் முன் வைக்க வேண்டும். அளக்காமல் "பாதிப்பில்லை" என்று எழுதும் அறிக்கையை ஏற்கக் கூடாது.

அப்படியானால் குடிக்க என்ன செய்வது? மட்டக்களப்பு நகருக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் போகிறது. வாகரையின் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படிப்பட்ட குழாய்நீரைக் கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்கிடையில் நம் கூரையில் விழுவதை வீணாக்க வேண்டாம். 500 சதுர அடிக் கூரையில் ஆண்டு முழுவதும் விழும் மழை 70,000 லீற்றருக்கு மேல். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால், மழையில்லாத நான்கு மாதத்துக்கு 3,000 லீற்றர் போதும். 1995இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5,000 லீற்றர் மழைநீர்த் தொட்டிகளை வீடுகளில் கட்டிக் காட்டினார்கள். அந்த ஒரு தொட்டி நம் கோடையைத் தாண்டிவிடும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைச் சேருங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், நுளம்புக்காகவும் குழந்தைக்காகவும். இதற்கான செலவைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் போடாமல் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் வீட்டுத் திட்டங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அவையில் மாதர் சங்கத்தாரும் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாரி தொடங்க முன் 50 அடியில் முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரின் ஒவ்வொரு கிணற்றுக்கும் போங்கள். அந்த வீட்டுக் குழிக்கு மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் உள்ள குழிக்கும் சேர்த்துத் தூரத்தை அளவெடுங்கள். கட்டு இருக்கிறதா, வளையம் வெடித்திருக்கிறதா, மோட்டருக்கு ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள். அதன் ஒரு பிரதியை வாகரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கையளித்து, கிணறுகளைப் பரிசோதிக்கும்படி சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதத்தில் மாதத்தையும் மறக்காமல் எழுதுங்கள்: தண்ணீர் மாதிரி மார்கழியில் எடுக்கப்பட வேண்டும்.